யாழ்ப்பாணத்தில் ஐதரசனில் ஓட்டோ ஓடுமா?

மன்னார்க் காற்றாலை மின்சாரத்தில் ஐதரசன் எடுத்து, இங்குள்ள ஓட்டோவையும் மீன்பிடிப் படகையும் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓட்டலாம். ஆனால் ஓட்டோவுக்கு அது வீண்செலவு. ஒரு கிலோ ஐதரசனில் உள்ள சக்தி ஏறக்குறைய 33 அலகு. தண்ணீரைப் பிரித்து அதை எடுக்க 50 அலகுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அப்புறம் அமுக்கி அடைத்து, வண்டியில் திரும்ப மின்சாரமாக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவது முதலில் போட்ட மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பற்றரியில் ஏற்றினால் பெரும்பகுதி சக்கரத்துக்கே போகும்.

சரி, ஐதரசன் எதற்கு? உருக்கு ஆலை, உரத் தொழிற்சாலை, பெருங்கடல் கப்பல் என்று பற்றரிக்கு எட்டாத இடங்களுக்கு. கப்பலுக்கு, ஐதரசனில் இருந்து செய்யும் அமோனியா வசதி: ஐதரசனைத் திரவமாக்க −253 பாகை செல்சியஸ் வேண்டும், அமோனியாவுக்கு −33 போதும். ஆனால் அது நச்சு வாயு. எரியும்போது நைதரசன் ஒட்சைட்டுகளும் வரும். கரையோரச் சிறுபடகில் அதை ஏற்றவே கூடாது.

எனக்கு முக்கியமாகப் படுவது உரம்தான். எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கு இடும் யூரியா அமோனியாவில் இருந்து வருகிறது. உலகின் அமோனியாவில் பெரும்பகுதி இன்றும் இயற்கை வாயுவிலும் நிலக்கரியிலும் இருந்தே தயாராகிறது. காற்றாலை போன்றவற்றின் மின்சாரத்தில் எடுக்கும் பசுமை ஐதரசன் முதலில் போகவேண்டியது அங்கேதான்.