அல்வா டப்பாவுக்கும் சேர்த்தா காசு?

கேள்வி: ஊருக்கு வந்தபோது ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் அரைக் கிலோ அல்வா வாங்கினேன். அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்து, அதற்குள்ளேயே அல்வாவை வெட்டிப் போட்டு, 500 வந்ததும் மூடிவிட்டார்கள். கேட்டால், “எல்லாக் கடையிலும் இப்படித்தான் சார்” என்கிறார்கள். சரியா?
- தென்காசி வாசகர்

பதில்: சரியில்லை. நீங்கள் காசு கொடுப்பது அல்வாவுக்கு, அட்டைக்கு அல்ல. பெட்டி 40 கிராம், அல்வா கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அட்டைக்கு 16 ரூபாய் தருகிறீர்கள். அரைக் கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டு 460 கிராம் கொடுப்பது 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி குற்றம்.

இதற்குத் தீர்வு தராசிலேயே இருக்கிறது. வெறும் பெட்டியை வைத்ததும் ‘டேர்’ பட்டனை ஒரு தட்டு தட்டினால் ரீடிங் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அப்புறம் ஏறுவதெல்லாம் அல்வாவின் எடைதான். “அண்ணாச்சி, பெட்டியைக் கழிச்சிட்டுப் போடுங்க” என்று சிரித்த முகத்தோடு சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் சண்டை வராது. நான் பார்த்தவரை, மெஷினில் நடக்கும் திருட்டைவிடப் பெட்டியில் போகும் காசுதான் அதிகம். நானே ஒருமுறை மீன் வாங்கும்போது பேச்சு சுவாரசியத்தில் தராசைக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், ஈரத் தட்டின் எடைக்கும் காசு கொடுத்திருக்கிறேன்.

தராசில் அரசு முத்திரையையும் பாருங்கள். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும், காலாண்டைக் குறிக்க ஏ முதல் டி வரை ஓர் எழுத்தும் இருக்கும். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போடவேண்டும். எடைக்கல்லுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. சான்றிதழ் கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்கவேண்டும். சாமி படத்துக்குப் பின்னால் இருந்தால் எடுத்துக் காட்டச் சொல்லலாம். கேட்டும் சரிப்படவில்லை என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கும் போன் செய்யலாம்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு சின்ன தராசு வாங்கினேன். கடையில் 1 கிலோ போட்ட சின்ன வெங்காயம் வீட்டில் 985 கிராம்தான் காட்டுகிறது. யாரை நம்புவது? கடைக்காரர், “அது டெல்லியில் செட் பண்ணினது, இங்கே அப்படித்தான் காட்டும்” என்கிறார்.
- அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: கடைக்காரர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எலக்ட்ரானிக் தராசு அளப்பது தட்டின் மேல் விழும் விசையை. பூமியின் இழுப்பு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சற்றுக் குறைவு. டெல்லியில் சரிபார்த்த தராசை அப்படியே நம் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுவந்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிராம் குறைத்துக் காட்டும். அதனால்தான் புழங்கும் ஊரிலேயே சரிபார்க்கவேண்டும் என்பது. ஆனால் 1 கிராம் எங்கே, 15 கிராம் எங்கே! இருபக்கமும் கல் வைக்கும் பழைய தராசுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. இழுப்பு குறைந்தால் இரண்டு தட்டுக்கும் ஒன்றாகத்தானே குறையும்?

உங்கள் தராசை முதலில் சோதியுங்கள். பாட்டரி மாற்றி, சமதளத்தில் வைத்து, முத்திரை போட்ட 1 கிலோ கல்லை ஏற்றிப் பாருங்கள். 1000 காட்டினால் கடைக்காரரிடம் பேசலாம். 985 காட்டினால் தராசைத் திருப்பி அனுப்புங்கள்.

“அந்தக் கல் சரி என்பதற்கு யார் சாட்சி?” என்று அடுத்துக் கேட்பீர்கள். கடைக் கல்லைச் சோதிப்பது முத்திரை ஆய்வாளரின் கல். அதைச் சோதிப்பது அதைவிடத் துல்லியமான ஒன்று. இப்படிப் பெங்களூரு போன்ற ஊர்களில் உள்ள மண்டல ஆய்வகங்கள் வழியாக டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகிறது. அங்கே இருப்பது பிளாட்டினம்-இரிடியத்தில் செய்த 57ஆம் எண் நகல் கிலோ. அதற்கு மூலமாக, பாரிஸ் அருகே இருக்கும் மூலக் கிலோவுக்கு 2019 மே 20 அன்று ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது கிலோ என்பது பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத ஓர் அளவை வைத்துத்தான். ஓர் உலோகக் கட்டி தேய்ந்துபோகுமே என்ற பயம் இனி இல்லை. வெங்காயத்தின் எடையில் இதனால் எந்த மாற்றமும் வரவில்லை!

கேள்வி: பெட்ரோல் 100க்குப் போடாமல் 110க்குப் போட்டால் அளவு கூடுமாமே?
- வண்ணார்பேட்டை வாசகர்

பதில்: கூடாது. ரூபாயை மாற்றினால் பம்பின் அளவு திருந்திவிடாது. சந்தேகம் இருந்தால் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். பங்க்கில் அது இருக்கவேண்டும். 25 மில்லி வரை கூடலாம், குறையலாம். அதற்கு மேல் குறைந்தால் புகார் எழுதுங்கள்.

கேள்வி: மல்லிகைப் பூவை முழம் போடும்போது ஆளுக்கு ஒரு அளவு வருகிறதே?
- பாளையங்கோட்டை வாசகி

பதில்: முழத்துக்கு முத்திரை போட யாராலும் முடியாது! சட்டம் ஏற்பது மீட்டரையும் கிராமையும்தான். விசேஷத்துக்கு நிறைய வாங்கும்போது உதிரிப் பூவை எடை போட்டு வாங்குங்கள். தலைக்கு வைக்க ஒரு முழம் என்றால், கை நீளமான பூக்கார அம்மாவாகப் பாருங்கள்.