மாடல் மேசை: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்காக, ஒரு போர் விமான மாடல் செய்தேன். டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எண்கள், சின்னங்கள்) ஒட்டும்போது நன்றாகத்தான் இருந்தது. காய்ந்த பிறகு எண்களைச் சுற்றி வெள்ளிக் காகிதம் ஒட்டியது போல மினுங்குகிறது. டெக்கால் பழசா, இல்லை என் கைதான் சரியில்லையா?

டெக்கால் மேல் பழி போடாதீர்கள், உங்கள் கை மேலும் வேண்டாம். மேட் பெயின்ட், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட் மேல் நேராக ஒட்டியிருப்பீர்கள், அதுதான் விஷயம். மேட் பெயின்ட் பார்வைக்கு வழவழவென்று இருந்தாலும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். டெக்காலின் மெல்லிய படலம் மேடுகளில் மட்டும் உட்காரும். பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும். உங்கள் கண்ணில் வெள்ளியாக மினுங்குவது அந்தக் காற்றுதான்.

வரிசை இதுதான்: கலர், அது நன்றாகக் காய்ந்ததும் க்ளாஸ் கோட் (பளபளப்பான தெளிபூச்சு), அதன் மேல் டெக்கால், பிறகு பேனல் கோடுகளுக்கு (தகடுகள் சேரும் இடத்துப் பள்ளக் கோடுகள்) வாஷ் எனும் நீர்த்த கருநிறம், எல்லாம் முடிந்த பிறகு மேட் கோட். “கடைசியில் மேட்டாகத்தானே ஆகப்போகிறது, நடுவில் எதற்குப் பளபளப்பு?” என்று முதல் பத்து மாடல்கள் வரை நானும் பிடிவாதம் பிடித்தவன். அந்தப் பத்தும் ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. யாருக்கும் காட்டுவதில்லை.

ஒட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். டெக்காலைத் தண்ணீரிலேயே மிதக்க விடாதீர்கள், பசை கரைந்து போய்விடும். அரை நிமிடம் நனைத்து, வெளியே எடுத்து ஈரத் துணி மேல் வைத்துவிட்டுக் காத்திருங்கள். விரலால் தொட்டால் தாளை விட்டு நகரும், அப்போது எடுங்கள். ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் (டெக்கால் நன்றாகப் பிடிக்க உதவும் திரவம்) ஒரு துளி. தூரிகையால் தள்ளி, இடம் பார்த்து, காது குடையும் பஞ்சுக்குச்சியை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினால் தண்ணீர் வெளியே வந்துவிடும். அப்புறம் மேலே மைக்ரோ சால் (டெக்காலை இளக்கிப் படிய வைக்கும் திரவம்) லேசாக. இங்கேதான் புதியவர்கள் பதறிப்போகிறார்கள்: ஐந்து நிமிடத்தில் டெக்கால் பாட்டியின் புறங்கை போலச் சுருங்கும். தொட்டீர்களோ, கிழிந்தது. எழுந்து வேறு வேலை பாருங்கள். திரும்பி வரும்போது அது தானாகவே இறங்கி, பேனல் கோட்டுக்குள் பெயின்ட் போலப் படிந்திருக்கும்.

ஏற்கெனவே மினுங்குவதை என்ன செய்வது? மினுங்கும் இடத்தில் மெல்லிய ஊசியால் நாலைந்து குத்து. ஒவ்வொரு துளையிலும் மைக்ரோ சால். இரண்டு மூன்று தடவை செய்தால் முக்கால்வாசி அடங்கும். முழுக்கப் போகும் என்று வாக்குத் தர மாட்டேன்.

இன்னொன்று: ஈரக்காற்று அடிக்கும் நாளில் ஸ்ப்ரே டப்பாவால் மேட் கோட் அடிக்காதீர்கள். வெள்ளைப் பனி படர்ந்தது போல ஆகிவிடும். மாதக்கணக்கான உழைப்பு ஒரு நிமிடத்தில் கெட்டுப்போவதைப் பார்க்கும் மனத்தைரியம் எனக்கில்லை.

கேள்வி: விமானி அறையின் கண்ணாடி மூடியை ஒட்டிய மறுநாள், உள்ளே புகை பிடித்தது போல மங்கலாகிவிட்டது. ஏன்?

சூப்பர் க்ளூ. அதன் ஆவி போய் ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும். கண்ணாடிப் பாகங்களுக்கு வெள்ளைப் பசை, அதாவது பள்ளிப் பிள்ளைகள் தாள் ஒட்டும் பிவிஏ பசையே போதும். காய்ந்தால் தெரியாது, வழிந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

கேள்வி: நேரில் பார்ப்பவர்கள் நிஜ விமானம் மாதிரியே இருக்கிறது என்கிறார்கள். போனில் படம் எடுத்தால் மட்டும் பொம்மையாகத் தெரிகிறது. நல்ல கேமரா வாங்க வேண்டுமா?

வேண்டாம். முதலில் நீங்கள் எங்கே நின்று எடுக்கிறீர்கள் என்று யோசியுங்கள். மேசைக்கு மேலே குனிந்து எடுத்திருப்பீர்கள். நிஜ விமானத்தை அப்படிப் பார்க்க வேண்டுமானால் ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும். தரையில் நிற்கும் ஒருவரின் கண் சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை 72ஆல் வகுத்தால் 22 மில்லிமீட்டர். உங்கள் லென்ஸ் மேசையிலிருந்து அந்த உயரத்தில் இருக்க வேண்டும்! 1/48 என்றால் 33 மில்லிமீட்டர். போனை நேராகப் பிடித்தால் லென்ஸ் மேல்பக்கம் போய்விடும். தலைகீழாகத் திருப்பி மேசையில் ஊன்றுங்கள், லென்ஸ் கீழே வந்துவிடும். இதை ஒருமுறை செய்து பாருங்கள், மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

சரி, மற்றது. கிட்டே போகாதீர்கள். ஒரு சாண் தூரத்திலிருந்து எடுத்தால் மூக்கு வீங்கி வால் சூம்பிப்போகும், பாதி மங்கலாகவும் இருக்கும். ஒரு மீட்டராவது பின்னால் வந்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கேமரா இருந்தால் டிரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) 11 அல்லது 16, இரண்டு நொடி டைமர். ஷட்டர் எத்தனை நொடி திறந்திருந்தால் என்ன, மாடல் எங்கும் ஓடிவிடாது. 16ஐத் தாண்டி எஃப் எண்ணை ஏற்ற வேண்டாம், படம் முழுவதும் கூர்மை குறையும்.

வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, ஒரு டிரேசிங் பேப்பர் வழியாக வரட்டும். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை. வானத்தில் இருப்பது ஒரே சூரியன். தரையில் மூன்று நிழல் விழுந்தால் மேசை விளக்கு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். போனின் ஃப்ளாஷை மறந்துவிடுங்கள்.

கேள்வி: வெள்ளை விமானத்தை வெள்ளை அட்டை முன் வைத்தால் இரண்டும் சாம்பலாகின்றனவே?

எது கிடைத்தாலும் சராசரிச் சாம்பலாக்கப் பார்ப்பது கேமராவின் குணம். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 அல்லது அதற்குச் சற்று மேலே ஏற்றுங்கள். அதைவிட நல்லது, பின்னணியை வெளிறிய நீலமாக மாற்றிவிடுவது.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் கோடுகள் படத்தில் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன. படம் எடுப்பதே வெறுத்துவிட்டது.

எனக்கும் வெறுத்த காலம் உண்டு. இப்போது கலருக்கு முன் பூசும் ப்ரைமர் அடித்த உடனேயே ஒரு படம் எடுத்துவிடுகிறேன். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இணைப்புக் கோடு, பசையில் பதிந்த கைரேகை, தேய்த்த தடம் எல்லாம் வரும். அந்தக் கட்டத்தில் சரிசெய்ய ஒரு மாலை போதும். கலர், டெக்கால் எல்லாம் ஆன பிறகு தெரிந்தால் அழத்தான் முடியும்.

ஆனால் ப்ரைமர் படத்திலும் சிக்காதவை உண்டு. போன வருடம் ஒரு விமானத்தை முடித்து, மேலே சொன்ன 22 மில்லிமீட்டர் உயரத்தில் லென்ஸை வைத்து எடுத்தேன். மூன்று சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. அடியில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி. சக்கரத்தின் காலைப் பிடுங்கி மறுபடி ஒட்ட மனம் வரவில்லை. அந்த விமானத்தின் படங்கள் எல்லாமே இடது பக்கத்திலிருந்து எடுத்தவை.