மடிப்புக்குள் இருக்கும் துணி

அன்புள்ள அக்கா,

இந்த வருடத்திலிருந்து எதை வாங்கினாலும் யோசித்து வாங்குவது, குப்பையைக் குறைப்பது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். முதல் வேலையாகப் பிள்ளைகளின் பீரோவைக் காலி செய்து, பழைய துணிகளை மூன்று பெரிய பைகளில் கட்டி நன்கொடைப் பெட்டியில் போட்டுவிட்டேன். இனி ஆர்கானிக் பருத்தி, மூங்கில் துணி, மறுசுழற்சி பாலியஸ்டர் இந்த மூன்றில் எதை வாங்குவது? படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிச்சம். கணவர், "இதெல்லாம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு" என்கிறார். ஒன்பது வயது மகளோ, பெரியம்மா மகள் போட்ட உடைகளைத் தொடவே மாட்டேன் என்கிறாள். எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

ம.

*

அன்புள்ள ம.,

விட்டுவிட வேண்டாம். உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் துணியின் பெயரைப் பற்றி இவ்வளவு படித்த நீங்கள், அந்த மூன்று பைகளை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது அந்தப் பைகள்தான்.

முதலில் நீங்கள் கேட்டதை முடித்துவிடுகிறேன். மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பாலானது விஸ்கோஸ், அதாவது ஒரு வகை ரேயான். மூங்கிலைக் கூழாக்கி, கார்பன் டைசல்ஃபைடு போன்ற ரசாயனங்களில் கரைத்து இழையாக இழுப்பது. அந்த ரசாயனம் ஆலையில் வேலை செய்பவர்களின் நரம்பைப் பாதிக்கும். ரேயானை மூங்கில் என்று பெயர் சொல்லி விற்றதற்காக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் (எஃப்.டி.சி.) 2009-இலேயே சில விற்பனையாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. மறுசுழற்சி பாலியஸ்டர் பெரும்பாலும் பழைய பாட்டில்களிலிருந்து வருகிறது. பாட்டில் மறுபடி பாட்டிலாக முடியும். துணியாகிவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி. துவைக்கும்போது நுண் இழைகளும் உதிரும். ஆர்கானிக் பருத்தியில் காட்ஸ் (GOTS) என்ற சர்வதேச ஆர்கானிக் துணித் தர முத்திரை இருந்தால் அடியில் உள்ள வரியையும் படியுங்கள். ஆர்கானிக் இழை குறைந்தது 95 சதவீதம் இருந்தால் ஒரு தரம், 70 சதவீதம் இருந்தால் இன்னொரு தரம். மூன்றில் ஒன்றுதான் என்றால் பருத்தி. அவ்வளவுதான், இதற்கு மேல் தேடாதீர்கள்.

கணவரோடு வாதாட வேண்டாம். புதிதாக எதையாவது வாங்குவதுதான் பொறுப்பான வாழ்க்கை என்றால் அவர் சொல்வது சரிதான்.

இப்போது பைகளுக்கு வருகிறேன். அவற்றில் கிழிந்தவை எத்தனை, சாயம் போனவை எத்தனை, வெறுமனே சிறுத்துப்போனவை எத்தனை? முக்கால்வாசி சிறுத்துப்போனவையாகத்தான் இருக்கும். நல்ல துணி, நல்ல பட்டன், பிள்ளை மட்டும் வளர்ந்துவிட்டாள். அதைப் பெட்டியில் போட்டதும் யாரோ ஒரு குழந்தை போட்டுக்கொள்ளும் என்று நினைத்து நிம்மதி அடைகிறோம். பணக்கார நாடுகளில் இப்படிக் கொடுக்கப்படும் துணிகளில் பெரும் பகுதி பேல் எனப்படும் பெரிய மூட்டைகளாகக் கட்டப்பட்டு நாடு கடந்து போகிறது. கானாவின் அக்ராவில் உள்ள கண்டமாண்டோ சந்தையில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வியாபாரிகள் அந்தப் பேல்களைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். விற்க முடியாதது குப்பையாகிக் கடற்கரை வரை போய்ச் சேர்கிறது. மறுசுழற்சி ஆகிவிடும் என்றும் சொல்லாதீர்கள். உடை தயாரிக்கப் பயன்படும் பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவானதே மீண்டும் உடையாகிறது என்று எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் சொன்னது.

அதே கண்டமாண்டோவில் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து அந்த உடைகளைப் பிரித்து, அளவு மாற்றி, மறுபடி தைக்கிறார்கள். நம் வீட்டில் நடந்திருக்க வேண்டிய வேலை அது. ஏன் நடக்கவில்லை?

உங்கள் வீட்டில் மிச்சம் இருக்கும் ஒரு சட்டையை எடுத்து உட்புறம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலில், நூல் பின்னலுக்கு வெளியே துணியே இருக்காது. ஓவர்லாக் மெஷினில் ஊசிக்கு முன்னால் ஒரு கத்தி உண்டு. தைக்கும்போதே ஓரத்தை வெட்டிக்கொண்டே போகும், நூல் அந்த விளிம்பைச் சுற்றிக் கட்டும். மிஞ்சுவது ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. பேண்ட்டின் அடிமடிப்பும் அப்படித்தான், மிச்சமே விடாமல். உடையின் உற்பத்திச் செலவில் பெரும் பங்கு துணிக்குத்தான் என்பதால், கம்ப்யூட்டரில் மார்க்கர் (எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்ற வரைபடம்) போட்டுத் துண்டுகளை நெருக்கி நெருக்கி அடுக்கி வெட்டுகிறார்கள். மடிப்பில் ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் ஒரு சட்டையில் தெரியாது, லட்சம் சட்டையில் தெரியும். துணி மிச்சம் என்பார்கள். அந்தச் சென்டிமீட்டர் இல்லாததால் அடுத்த வருடமே முழு உடையாக இன்னொன்று வாங்குகிறோமே, அது யார் கணக்கில் வருகிறது?

அம்மா எங்களுக்குத் தைக்கும்போது அடியில் நான்கு விரல் அகலம் மடித்துவிடுவாள். தையலைப் பெரிது பெரிதாக, பிரிக்கச் சுலபமாக ஓட்டியிருப்பாள். பள்ளி திறப்பதற்கு முன் பழைய பிளேடால் ஒவ்வொரு தையலாக வெட்டுவாள். மடிப்பின் இடுக்கில் சேர்ந்த பஞ்சைத் தட்டிவிட்டு விரித்தால், உள்ளே இருந்த நீலம் கடையிலிருந்து வந்த அன்றைய நீலமாகவே இருக்கும். அதற்கு மேலே வெளுத்த நீலம். இரண்டுக்கும் நடுவே, உரசி உரசி வெள்ளையாகிப்போன ஒரு கோடு. அந்தக் கோட்டோடு பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதிருக்கிறேன், உங்கள் மகளின் வயதில்தான். அம்மா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ரிப்பன் டப்பாவை என் முன்னால் வைத்து, கோட்டின் மேல் ஒரு வரிசையா இரண்டு வரிசையா என்று மட்டும் கேட்டாள். இரண்டு என்றேன். வெட்டிய நூல்களை உருவும் வேலையையும் எனக்கே கொடுத்தாள். அதன் பிறகு அந்தக் கவுனை யாரும் கேலி செய்ய நான் விடவில்லை.

உங்கள் மகளிடம் பூமியைப் பற்றிப் பாடம் நடத்தாதீர்கள். பெரியம்மா மகளின் உடையையும் கத்தரிக்கோலையும் அவள் கையில் கொடுங்கள். கை நீளத்தைக் குறைக்கட்டும், பட்டனை மாற்றட்டும். இன்னொருத்தியின் உடை என்பதால்தான் மறுக்கிறாள். அவள் கை பட்டால் அது அவளுடையது.

நான்கு வயதிலிருந்து பருவம் எட்டும்வரை பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அதில் ஏறத்தாழ பாதி காலில். அகலம் அவ்வளவு வேகமாகக் கூடுவதில்லை. அப்படியானால் பேண்ட்டில் 5 சென்டிமீட்டர் மடிப்பு இருந்தால் ஏறத்தாழ ஒன்றரை வருடம் போகும். 2017-இல் ரயன் யாசின் என்ற வானூர்திப் பொறியாளர், மடிப்பு மடிப்பாக விரிந்து குழந்தையோடு வளரும் உடையை வடிவமைத்து வடிவமைப்புக்கான ஜேம்ஸ் டைசன் விருதின் பிரிட்டன் பரிசைப் பெற்றார். எனக்கு மனதாரச் சந்தோஷம். ஆனால் அந்த உடைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கவுனில் டக் (துணியை உள்ளே மடித்துத் தைப்பது) பிடித்து வைத்து வருடம் ஒன்றாகப் பிரித்துவிட எந்தத் தையல்காரருக்கும் தெரியும். டி-ஷர்ட் போன்ற பின்னல் துணிகளில் இது பெரிதாக எடுபடாது. அவற்றைச் சகோதரர்களுக்குக் கைமாற்றுவதுதான் வழி.

கடையில் போய் நீங்கள் ஒருத்தி மடிப்பு கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் பள்ளிச் சீருடை அப்படியல்ல. பிள்ளைகளின் உடைகளில் பெற்றோர் எல்லாரும் சேர்ந்து, இப்படித்தான் தைக்க வேண்டும் என்று கேட்கக்கூடிய உடை அது ஒன்றுதான். நிறம், காலர், பட்டன் என்று பள்ளிகள் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்கின்றன. மடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பேண்ட்டிலும் கவுனிலும் அடியில் 5 சென்டிமீட்டர், பக்கத் தையலில் 2 சென்டிமீட்டர், ஓரத்தைத் தனியாக ஓவர்லாக் செய்து தையலைச் சாதாரண மெஷினில் ஓட்ட வேண்டும், மடிப்புத் தையல் பிரிக்கச் சுலபமாக இருக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி, நான்கைந்து பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள். தனியாகப் போகாதீர்கள், சிரித்து உட்காரவைத்துவிடுவார்கள். அப்புறம் என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா