கேள்வி-பதில்: சீமை புரொஜெக்டரும் நம் ஊர் கரண்டும்

இந்த முறை வந்த தபாலில் ஆறு கடிதங்கள் பழைய பட புரொஜெக்டர் பற்றி. வேலூர்ப் பக்கம் இப்போது இதுதான் மோகம் போலிருக்கிறது.

கே: மகன் அமெரிக்காவில் இருந்து 16 எம்எம் புரொஜெக்டர் கொண்டுவந்திருக்கிறான். 120 வோல்ட், 1000 வாட் பல்ப். ஏசிக்கு வாங்கிய ஸ்டெபிலைசர் சும்மா கிடக்கிறது. அதில் மாட்டலாமா? (குடியாத்தம்)

ப: கூடாது. ஸ்டெபிலைசர், ஏறி இறங்கும் நம் வீட்டுக் கரண்டை 230 வோல்ட் பக்கம் நிறுத்தி வைக்கும், 120 ஆக்காது. உங்களுக்கு வேண்டியது வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். பல்ப் மட்டுமே சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். மோட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் தனி. தாங்கும் சுமை 1500 விஏவுக்கு (வோல்ட்-ஆம்பியர்) குறையாமல் வாங்குங்கள்.

கே: காயலான் கடையில் வாங்கினேன். தட்டைப் பின் நம் சாக்கெட்டில் போகாததால் அடாப்டர் வாங்கிச் சொருகினேன். பட்டென்று பல்ப் போய்விட்டது. பின்பக்கத் தகட்டில் 120 வோல்ட் என்று இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். கடைக்காரர் மேல் கேஸ் போடலாமா? (ஆம்பூர்)

ப: எதற்கு? தகட்டில் எழுதித்தான் இருக்கிறது. பின்னே நுழையவில்லை என்றபோதாவது யோசித்திருக்கலாம். அடாப்டர் தேடக் கடைக்குப் போன நேரத்தில் பாதி போதும், தகட்டைப் படிக்க.

கே: அப்பா சவுதியில் இருந்து கொண்டுவந்த புரொஜெக்டர். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 127 வோல்ட் சரியாகக் கொடுத்துவிட்டேன். படம் ஓடுகிறது, ஆனால் எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறார்கள். மெக்கானிக் ஆயில் விடச் சொல்கிறார். (ராணிப்பேட்டை)

ப: ஆயில் பாட்டிலை மூடி வையுங்கள். இது நான் வருஷக்கணக்காகப் புலம்பும் விஷயம். எல்லாரும் வோல்ட் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை, ஒருவரும் பார்ப்பதில்லை. சவுதியிலும் அமெரிக்காவிலும் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. உங்களுடையது ஃபேன் மோட்டார் மாதிரி, கரண்டின் துடிப்போடு சுற்றும் வகை. ஆறு பங்கு ஓட வேண்டியது ஐந்து பங்குதான் ஓடும். நொடிக்கு 24 ஃபிரேம் போக வேண்டிய இடத்தில் 20. இரண்டரை மணி நேரப் படம் மூன்று மணி நேரமாகும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். நம் மெக்கானிக்குகள் இதற்கு ஆயில் விடுகிறார்கள், பெல்ட்டை இறுக்குகிறார்கள், காசும் வாங்கிக்கொள்கிறார்கள்.

மூடியைக் கழற்றி மோட்டார் தண்டில் உள்ள கப்பியைப் பாருங்கள். சில மாடல்களில் அது இரண்டு படியாக இருக்கும். பெல்ட்டைப் பெரிய படிக்கு மாற்றினால் முடிந்தது. ஒற்றைப் படி என்றால் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக, அதாவது 25 மில்லிமீட்டர் இருந்தால் 30 ஆக, புதிதாகக் கடைந்து வாங்குங்கள். உங்கள் ஊரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? மிக்சி போல கார்பன் பிரஷ் உள்ள மோட்டார், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற பாகத்தோடு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போதே கார்பன் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால் நீங்களே திறந்து பாருங்கள்.

கே: உள்ளங்கை அளவு கன்வெர்ட்டர், 1600 வாட் தாங்கும் என்று ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் கல் மாதிரி கனக்கிறதே? (ஆற்காடு)

ப: கனக்கட்டும். அந்த உள்ளங்கைச் சமாசாரத்தை நானும் வாங்கினேன். உள்ளே செம்புச் சுருள் கிடையாது. கரண்டை அலை அலையாக வெட்டித் தள்ளும். இஸ்திரிப் பெட்டிக்கு ஓடும். என் புரொஜெக்டரில் முதலில் ஸ்பீக்கர் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. அப்புறம் எரிந்த வார்னிஷ் வாடை. நான் பாட்டுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

கே: ஜப்பான் மாடல், 100 வோல்ட். 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டலாமா? (வாலாஜாபேட்டை)

ப: வெளிச்சம் பிரமாதமாக இருக்கும். பல்பின் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். 100 வோல்ட்டுக்கே டிரான்ஸ்ஃபார்மர் கட்டி வாங்குங்கள்.

கே: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். சென்னைக் கடை ஒன்றில் 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். 230 வோல்ட்டா என்று இரண்டு முறை கேட்டேன். பில்லிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் போட்டதும் பல்ப் வெடித்துப் புகை வந்தது. இப்போது, "உங்கள் வீட்டு வயரிங் சரியில்லை" என்கிறார்கள். (சத்துவாச்சாரி)

ப: அம்மா, நீங்கள் செய்ததில் ஒரு தவறும் இல்லை. கேட்டீர்கள், எழுதியும் வாங்கினீர்கள். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? பணத்தைத் திருப்பித் தரும்படி 15 நாள் கெடு வைத்துக் கடைக்கு ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டும் புகாரைப் பதியலாம். மசியவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரில் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

புரொஜெக்டரை யாரிடமும் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். வெடித்த பல்பையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பல்பின் ஊசிகள் உள்ள அடிப்பாகத்தில் வோல்ட் அச்சிட்டிருக்கும். அது 120 என்றிருந்தால், பில்லையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.