கால்பந்தா, படிப்பா என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா, லண்டனிலிருந்து நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். "16 வயசுல கிளப் அகாடமி ஸ்காலர்ஷிப் கொடுக்குது, இவன் இனிமே புத்தகத்தையே தொட மாட்டேங்கிறான், நாளைக்குக் கால் உடைஞ்சா என்ன பண்ணுவான்" என்று தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். நியாயமான பயம்தான். ஆனாலும் தம்பியைத் தடுக்காதீர்கள். விளையாடட்டும், கூடவே ஏதாவது ஒன்றை நிறுத்தாமல் படிக்கட்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

அவனிடம் கிரஹாம் பாட்டரைப் பற்றிப் பேசுங்கள். இங்கிலாந்தில் சாலிஹலில் பிறந்த கால்பந்து வீரர், லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் சவுத்தாம்ப்டனுக்காக 8 ஆட்டம்தான், மற்றபடி ஸ்டோக், வெஸ்ட் பிராம், யார்க், கடைசியில் மாக்கிள்ஸ்ஃபீல்ட் என்று பெரும்பாலும் கீழ் டிவிஷன்களில்தான் காலம் போனது. 2005-ல், 30 வயதில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். யோசித்துப் பாருங்கள், மற்ற வேலைகளில் அந்த வயதில்தான் ஒருவர் நிமிர்ந்து நிற்கத் தொடங்குவார். ஆனால் அவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே தொலைதூரக் கல்வி தரும் ஓபன் யுனிவர்சிட்டியில் பகுதி நேரமாகச் சமூக அறிவியல் படித்து, அதே வருடம் பட்டமும் வாங்கிவிட்டார். (அங்கே பெரும்பாலான படிப்புகளுக்கு பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் கூடக் கேட்பதில்லை, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.) அப்புறம் ஹல் பல்கலைக்கழகத்தில் கால்பந்து வளர்ச்சி வேலை, லீட்ஸில் முதுகலைப் படிப்பு.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கைக்குழந்தையோடு ஸ்வீடன் போய், நான்காம் டிவிஷனில் கிடந்த ஆஸ்டர்சுண்ட் அணியின் பயிற்சியாளர் ஆனார். பனி கொட்டும் சின்ன ஊர். அங்கே வீரர்களை மேடை ஏற்றி 'ஸ்வான் லேக்' பாலே ஆட வைத்தார்கள், முரட்டுக் கால்களோடு அவர்கள் ஊர் மக்கள் முன்னால் ஆடினார்கள். கூச்சம் போனால் மைதானத்திலும் துணிச்சல் வரும் என்ற யோசனை. அதே அணி முதல் டிவிஷனுக்கு ஏறி, 2017-ல் ஸ்வீடிஷ் கோப்பையை வென்று, 2018 பிப்ரவரியில் ஐரோப்பிய கிளப் போட்டியில் லண்டனின் ஆர்சனலை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று தோற்கடித்தது. இரண்டு ஆட்டம் கொண்ட அந்தச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 0-3 தோற்றிருந்ததால் அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை, அது வேறு விஷயம்.

சரி, பயிற்சியாளர் ஆகிவிட்டால் நிரந்தர வேலையா என்றால் அதுவும் இல்லை. பிரைட்டன் அணியை 2021-22 சீசனில் பிரீமியர் லீக்கின் ஒன்பதாம் இடத்துக்குக் கொண்டுவந்தவரைச் செல்சி கிளப் கூப்பிட்டது, ஏழு மாதம்கூட முடியாமல் அனுப்பிவிட்டது. வெஸ்ட் ஹாமிலும் 2025-ல் ஒரு வருடம் நிற்கவில்லை. பிறகு ஸ்வீடன் தேசிய அணியே அவரை அழைத்துக்கொண்டது, முன்பு அங்கே உழைத்த உழைப்பு கைகொடுத்தது.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஸ்காலர்ஷிப் என்றால் இரண்டு வருடம், அதில் படிப்பும் சேர்ந்தே இருக்கும். கையெழுத்துப் போடும் முன் கிளப்பில் படிப்பைப் பார்த்துக்கொள்பவரைச் சந்தித்து, எந்தப் படிப்பு, வாரம் எத்தனை மணி நேரம், அதை வைத்துப் பல்கலைக்கழகத்தில் சேர முடியுமா என்று மூன்றையும் கேளுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விகளை அவனே கேட்கட்டும்.