ஆப்ப சோடா இலைக்குச் சரி, வேருக்கு வேண்டாம்

கேள்வி: மொட்டை மாடியில் வைத்திருக்கும் பூசணிக் கொடியில் இலையெல்லாம் மாவு தூவினது போல வெளுத்துக் கிடக்கிறது. ஆப்ப சோடா கரைத்துத் தெளிக்கலாமா? தக்காளி இனிக்க வேரிலும் ஒரு ஸ்பூன் போடச் சொல்கிறார்களே, போடலாமா?
- வாசகி, மதுரை

பதில்: தெளிக்கலாம். வேரில் மட்டும் போடாதீர்கள்.

முதலில் அது சாம்பல் நோய் என்கிற பூஞ்சை நோய்தானா என்று பாருங்கள். விரலால் தடவினால் வெள்ளை மாவு விரலோடு வர வேண்டும். சில பூசணி ரகங்களில் நரம்பு பிரியும் இடத்தில் வெள்ளைத் திட்டு இயல்பாகவே இருக்கும், தடவினால் வராது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தண்டிலும் கணுவிலும் பஞ்சு மாதிரி அப்பிக்கொண்டு பிசுபிசுத்தால் அது மாவுப்பூச்சி, அதற்குச் சோடா கேட்காது.

சாம்பல் நோய்தான் என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சோடா, கூடவே நாலைந்து சொட்டு சோப்புக் கரைசல். பூசணி இலையில் சுணை இருப்பதால் சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். இலையின் மேல் காரத்தன்மை கூடினால் பூஞ்சைக்குப் பிடிக்காது, அவ்வளவுதான் இதன் வேலை. அதனால் நோய் பரவாமல் தடுக்கும், முழுக்க வெளுத்துப்போன இலையை மீட்டுத் தராது, அதைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். முதல் நாள் இரண்டு இலையில் மட்டும் தெளித்துப் பார்த்து, கருகவில்லை என்றால் மற்றதற்கும் வாரம் ஒரு முறை, காலையிலோ சாயங்காலமோ தெளியுங்கள். ஒரு தடவை நான் அளவு கூட்டி உச்சி வெயிலில் அடித்துவிட்டேன், மறுநாளே அவரை இலையெல்லாம் ஓரம் பழுத்துத் தீய்ந்துவிட்டது, இன்றைக்கு நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது. தெளிக்கும்போது தொட்டியின் வாயைப் பழைய சாக்கால் மூடிக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால் சோடாவில் இருப்பது சோடியம். தொட்டி மண்ணில் அது போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே வரும், மண் இறுகும், வேர் தண்ணீர் இழுக்கத் திணறும். ஏற்கெனவே உப்புப் போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு இது இரட்டைச் சுமை. தக்காளி இனிப்பது ரகத்தாலும் நல்ல வெயிலாலும் செடியிலேயே பழுக்க விடுவதாலும்தான், சோடாவால் இல்லை.

அப்புறம், சலவை சோடாவை இதற்குப் பதிலாக எடுத்துவிடாதீர்கள், அதன் காரம் மிக அதிகம், இலை வெந்துவிடும்.

வேரில் ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? மேல் மண்ணை ஒரு விரல் ஆழம் சுரண்டி எடுத்துவிட்டு, மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ அடித்துளை வழியாக நன்றாக ஓடும் அளவுக்கு இரண்டு மூன்று தடவை ஊற்றி அலசிவிடுங்கள்.