பல்லவி யாருடையது? ‘யு காட் மீ’ கேள்வி பதில்

பிலடெல்பியாவின் ஹிப் ஹாப் குழுவான தி ரூட்ஸ், பாடகி எரிக்கா பாடூவை விருந்தினராக அழைத்துப் பாட வைத்த ‘யு காட் மீ’ என்ற சிங்கிள் (தனியாக வெளியிடப்பட்ட பாட்டு) 1999-இல் பெரிதாகப் பேசப்பட்டது. அதைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ராப் குழு என்கிறீர்கள். ஆனால் டிரம்ஸ், கிட்டார் என்று முழு வாத்தியக் குழுவே நிற்கிறதே?

அதனால்தான் அவர்கள் பெயர் நிலைத்தது, தம்பி. பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை வெட்டி எடுத்து மெட்டு கட்டுவதுதான் அன்றைய ராப் வழக்கம். இவர்கள் மேடையில் உட்கார்ந்து வாசித்தார்கள். ராப் பாடும் பிளாக் தாட்டும் டிரம்ஸ் வாசிக்கும் குவெஸ்ட்லவும் பிலடெல்பியாவில் கலைப் பள்ளித் தோழர்கள். தெரு ஓரத்தில் வாசித்துக் காசு சேர்த்தவர்கள். பின்னாளில் ஜிம்மி ஃபாலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நிலையான இசைக்குழு ஆனதும் இவர்கள்தான்.

கேள்வி: ராப் வேகத்தில் வரிகள் பிடிபடவில்லை. கதை என்ன?

ஓர் ஆணும் பெண்ணும் ஒரே கட்டடத்தில் ஒரே தளத்தில் குடியிருந்தும் முகம் பார்த்ததில்லை. அவன் கச்சேரிக்காக வெளிநாடு போன இடத்தில், அங்கே படிக்க வந்திருக்கும் அவளைச் சந்திக்கிறான். காதல் மலர்கிறது. அவன் ஊர் ஊராகச் சுற்றுகிறான், அவள் காத்திருக்கிறாள். சந்தேகம் எட்டிப் பார்க்கிறது, சுற்றியிருப்பவர்கள் தூபம் போடுகிறார்கள். பல்லவியில் வரும் பெண்குரல் ‘கவலைப்படாதே, நான் உன்னவள்’ என்கிற பொருளில் தேற்றுகிறது. அவ்வளவுதான் கதை. பணம், கார், துப்பாக்கி என்று முழங்கிக்கொண்டிருந்த காலத்தில், காதலியை நம்புவதா வேண்டாமா என்று தவிக்கும் ஒரு ராப்பரைக் கேட்பதே புதுமைதான்.

கேள்வி: அந்தப் பல்லவியை எரிக்கா பாடூவே எழுதினாரா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். இல்லை. எழுதியவர் ஜில் ஸ்காட். அவரும் பிலடெல்பியாக்காரர், அப்போது கவிதை வாசிப்பு மேடைகளில் மட்டுமே அறியப்பட்டவர். ஆல்பம் எதுவும் வெளிவந்திருக்கவில்லை. முதலில் பாட இருந்தவரும் அவர்தான். இசை நிறுவனமோ பெயர் தெரிந்த குரல் வேண்டும் என்றது. பாடூவின் முதல் ஆல்பம் 1997-இல் வந்து, அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கிராமி இசை விருதும் வாங்கிவிட்டிருந்தது. அந்த ஆல்பத்திலேயே ரூட்ஸ் உறுப்பினர்களின் கைவண்ணம் உண்டு என்பதால் அவரை அழைப்பதில் சிரமம் இருந்திருக்காது.

வியாபாரக் கணக்கு தப்பவில்லை. அமெரிக்காவில் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் பாட்டு 39-ஆம் இடம் வரை ஏறியது. 2000-ஆம் ஆண்டு கிராமியில் சிறந்த ராப் குழுப் பாடலுக்கான விருதையும் வென்றது. பாடூ பாடியதில் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சோம்பலான, மூக்கில் லேசாக உரசும் குரலை எடுத்துவிட்டால் பாட்டு வேறு பாட்டாகிவிடும். ஆனாலும் வீட்டைக் கட்டியவரை வாசலில் நிற்க வைத்த கதை இது என்பதை மறைக்க முடியாது.

ரூட்ஸ் அதைத் தங்கள் வழியில் சரிசெய்தார்கள். அதே 1999-இல் வந்த நேரடிக் கச்சேரி ஆல்பத்தில் இந்தப் பாட்டை ஜில் ஸ்காட்டையே பாட வைத்தார்கள். அடுத்த ஆண்டு அவருடைய முதல் ஆல்பம் வந்தது, அதன் பிறகு அவருக்கு அறிமுகம் தேவைப்படவில்லை.

கேள்வி: நடுவில் இன்னொரு பெண்ணும் ராப் பாடுகிறாரே? அட்டையில் அவர் பெயர் கண்ணில் படவில்லை.

ஈவ். அவரும் அதே ஊர். அந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். ‘நான் இரவோடு இரவாகக் கிளம்ப வேண்டியிருக்கும், அப்போது அவள் ஆரம்பிப்பாள்’ என்று பிளாக் தாட் வாக்கியத்தைத் தொடங்குகிறார். அவர் முடிப்பதற்குள் ஈவ் புகுந்து, அவள் என்ன சொல்வாள் என்பதை அவளாகவே சொல்லத் தொடங்கிவிடுகிறார். எதுகை அறுந்துபோவதில்லை. ஒரு பந்து விளையாட்டு வீரன் தன்னை அழகி என்றதாகச் சொல்லிச் சீண்டிவிட்டு, உடனே ‘சும்மா சொன்னேன்’ என்று சிரிக்கிறாள். இரண்டு வரியில் ஒரு முழு மனுஷி எழுந்து நிற்கிறாள். என்னைக் கேட்டால் பாட்டின் உயிர் இங்கேதான். ஆனால் கிராமி அறிவிப்பில் தி ரூட்ஸ், எரிக்கா பாடூ என்ற இரண்டு பெயர்களே இருந்தன.

கேள்வி: முடிவில் தாளம் திடீரென்று தறிகெட்டு ஓடுகிறது. என்னிடம் இருக்கும் கோப்பில் கோளாறா?

கோளாறே இல்லை, ஐயா. நிதானமாக வந்த குவெஸ்ட்லவ், முடியும் தறுவாயில் அப்போது இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த டிரம் அண்ட் பேஸ் என்ற அதிவேகத் தாளப் பாணிக்குத் தாவுகிறார். பல்லவி தன் பாட்டுக்கு மெதுவாகப் போக, அடியில் டிரம்ஸ் மட்டும் பொரிந்து தள்ளும். வாய் ‘கவலைப்படாதே’ என்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சில வானொலிகளில் பாட்டு அந்த இடத்துக்கு முன்பே தேய்ந்து மறைந்துவிடும். கேட்டால் எரிச்சல்தான் வரும்.

கேள்வி: இந்தப் பாட்டு வந்த ஆல்பத்தின் பெயருக்கும் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ என்ற தலைப்பு அவருடைய 1958 நாவலிலிருந்து எடுத்தது. அவர் அதை ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் கவிதையிலிருந்து எடுத்தார்.

கேள்வி: பெண்குரலில் ஒரு பல்லவியை ஒட்டவைத்து வானொலியில் இடம் பிடிப்பது எல்லா ராப் குழுக்களும் செய்வதுதானே? இதில் என்ன பெருமை?

எல்லோரும் செய்தார்கள், உண்மைதான். பெரும்பாலான பாட்டுகளில் பாடகியின் பல்லவியை உருவி எடுத்தாலும் ராப் பகுதிக்கு எந்தச் சேதமும் இருக்காது. அந்த அளவுக்கு ஒட்டாத ஒட்டு. இங்கே முடியாது. அவன் சந்தேகப்படுகிறான், பல்லவி பதில் சொல்கிறது. மறுபடி சந்தேகம், மறுபடி அதே பதில். ஆனால் இரண்டாவது முறை அதே சொற்கள் கொஞ்சம் களைப்போடு ஒலிக்கின்றன. நிறுவனம் விளம்பரத்துக்காகக் கேட்டிருக்கலாம். எழுதியவர்கள் அந்தக் குரலுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: முதன்முறை கேட்பவன் எந்தப் பதிவில் தொடங்கலாம்?

ஆல்பம் பதிவில். ஹெட்போன் போட்டு, தொடக்கத்தில் வரும் கிட்டார் மீட்டலிலிருந்து கடைசி டிரம்ஸ் அடி வரை. கச்சேரிப் பதிவை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜில் ஸ்காட் அதில் அவசரப்படுவதே இல்லை, உங்களுக்கும் நேரம் இருக்க வேண்டும்.